பழைய வீட்டின் புறச்சுவர்: சுண்ணாம்பும் சிமெண்டும்

பழைய வீடுகளின் புறத்தோற்றத்தைப் புதுப்பித்தல் என்பது சுவர்ப்பூச்சு, வண்ணம், திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், கூரை விளிம்பு ஆகிய வெளிப்பகுதிகளைச் செப்பனிட்டு வீட்டுக்கு மீண்டும் பொலிவூட்டும் பணியாகும். தமிழகக் கடலோரத்தில் இப்பணியின் வரலாறு பெரும்பாலும் சுண்ணாம்பின் வரலாறே. 20ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் பிடித்தது. அதன்பின் சுவரை அழகுபடுத்தச் செய்த வேலையே பல வீடுகளில் சுவரின் ஆயுளைக் குறைத்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டுக் கரையில் கிடைத்த கிளிஞ்சலில் தொடங்கி, புதுச்சேரியில் ஒரு தெருவே புதுப்பிக்கப்பட்டது வரை இம்மாற்றத்தைக் காணலாம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் கிழக்கே பழவேற்காடு ஏரி உள்ளது. டச்சுக்காரர்கள் இங்கு 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாக வைத்திருந்தனர். ஏரியின் அடியில் கிளிஞ்சல் படிவுகள் உண்டு. கிளிஞ்சலைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலுடன் அரைத்துச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகும். கிளிஞ்சலில் தொடங்கிய பொருள் சுவரில் பழையபடி கிளிஞ்சலின் தன்மையையே அடைகிறது.

கடலோரக் கிளிஞ்சலில் செய்த வழவழப்பான பூச்சு ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று ஐரோப்பியரிடையே பெயர் பெற்றது. முதலில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த தடித்த பூச்சு, அதன்மேல் அதைவிட மென்மையான பூச்சு, இறுதியில் மாவாக அரைத்த தூய சுண்ணாம்பு என அடுக்கடுக்காகப் பூசினர். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் போன்றவற்றைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சாதாரண வீடுகளுக்குக் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்த சாந்தே போதுமானதாக இருந்தது.

ஆண்டுதோறும் புதுப்பித்தல்

பழைய வீட்டில் புறச்சுவரைப் புதுப்பிப்பது தனித் திட்டமாக இருக்கவில்லை. அது ஆண்டுச் சுழற்சியில் ஒரு வேலை. மழைக்காலம் ஓய்ந்து மார்கழியில் சுவர் காய்ந்ததும், பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, வெண்மை கூட்டச் சிறிது நீலம் கலந்து, தென்னை மட்டையையோ நார்த் தூரிகையையோ கொண்டு பூசுவார்கள். சுவரின் அடியிலும் திண்ணையிலும் காவிப் பட்டை தீட்டுவார்கள். இது அழகுக்கு மட்டும் செய்ததன்று. சென்ற மழையில் உண்டான மெல்லிய விரிசல்களைச் சுண்ணாம்பு நீர் நிரப்பியது. உப்புக் காற்றில் தேய்ந்த மேற்பரப்புக்கு மாற்றாகப் புதிய படலம் கிடைத்தது. தேய்வது பூச்சாகவும் தப்புவது செங்கல்லாகவும் இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை.

சிமெண்டின் வருகை

இங்கிலாந்தின் லீட்சு நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் உற்பத்திக்கான முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது. அதற்கும் மூலப்பொருள் கடல் கிளிஞ்சலே. அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே வெற்றி பெற்றது. தமிழகத்தில் 1949இல் திருநெல்வேலி மாவட்டம் சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. சிமெண்டின் விலையிலும் விநியோகத்திலும் இருந்த அரசுக் கட்டுப்பாடு 1982இல் ஓரளவும் 1989இல் முழுமையாகவும் நீங்கியது. அதன்பின் சிற்றூர்க் கடைகளிலும் சிமெண்ட் மூட்டை எளிதாகக் கிடைத்தது.

சுண்ணாம்புச் சாந்தை நாள்கணக்கில் ஊறவைத்து அரைக்க வேண்டும். பூசியபின் வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். சிமெண்ட் கலவையோ சில மணி நேரத்தில் இறுகிவிடும். கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் அது வசதியாக இருந்ததில் வியப்பில்லை. அரைவைச் செக்குகள் மறைந்தன. அவற்றோடு பூச்சின் பக்குவம் அறிந்த கைகளும் குறைந்தன.

பழைய சுவரில் சிமெண்ட் செய்வது என்ன?

பழைய வீடுகள் மெல்லிய நாட்டுச் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றில் ஈரம் ஏறுவதைத் தடுக்கும் தனி அடுக்கு பெரும்பாலும் இல்லை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் நுண்துளையுள்ள சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகி வெளியேறும். அச்சுவர் மீது அடர்ந்த சிமெண்டைப் பூசி, நெகிழிப் படலம் போன்ற பெயிண்டும் அடித்தால் ஈரத்துக்கு வழி இல்லாமல் போகும். நீரில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். வெளியே புதிதாகத் தோன்றும் சுவர் உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பிப் பாளமாக விழும்போது செங்கல்லின் மேல்பகுதியும் சேர்ந்து பெயர்ந்து வரும். கடற்காற்றும் நிலத்தடி உப்பும் மிகுந்த பழவேற்காடு போன்ற ஊர்களில் இச்சேதம் விரைவாக நிகழும்.

வைசியாள் வீதி

புதுச்சேரியில் 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபின் மீண்டும் எழுந்த தமிழர் பகுதியில், கால்வே சுப்பராய செட்டி வீதி எனப்படும் வைசியாள் வீதி குறிப்பிடத்தக்கது. கீழ்த்தளத்தில் தெருவை நோக்கிய திண்ணையும் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், சில வீடுகளின் மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணி வளைவுகளும் பலகணிகளும் அமைந்தவை இவ்வீடுகள். கான்கிரீட் நீட்டல்களும் பொருந்தாப் பூச்சுகளும் தெருவின் தோற்றத்தைச் சிதைத்திருந்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா அர்ப்ஸ்’ திட்டத்தில், புதுச்சேரி நகராட்சி இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய நகரங்களுடன் இணைந்தது. இன்டாக் அமைப்பின் துணையுடன் 2002க்கும் 2004க்கும் இடையில் வைசியாள் வீதியின் ஒரு பகுதியில் வரிசையாக உள்ள வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இவ்வீதி இடம்பெற்றது. அரண்மனையோ கோயிலோ அல்லாத, மக்கள் குடியிருக்கும் சாதாரண வீடுகளின் வரிசை மரபுச் சின்னமாக மதிக்கப்பட்டதே இதன் சிறப்பு. தனி வீடு ஒன்றின் முகப்பு அழகாக இருந்தாலும், பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தோடு இணையும்போதுதான் அது தெருவாகிறது என்பதையும் இம்முயற்சி காட்டியது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இன்று

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தபின் சுற்றுவட்டாரத்தில் வாடகை வீடுகளின் தேவை பெருகியது. பழைய வீட்டின் திண்ணையை அடைத்து அறையாக்குவதும், முகப்பில் ஓடு பதிப்பதும் இச்சூழலில் இயல்பான தேர்வுகளாகத் தோன்றுகின்றன. பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சாதாரண வீட்டுக்கு அத்தகைய காவல் இல்லை. மரபுக் கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டாலும், பட்டியலில் சேராத வீட்டின் எதிர்காலம் அதன் உரிமையாளரிடமும் அவர் அழைக்கும் கொத்தனாரிடமுமே உள்ளது.

சுண்ணாம்புக்குத் திரும்புவதிலும் இடர்கள் உண்டு. பழவேற்காடு ஏரி இன்று பறவைகள் சரணாலயம். முன்போல் அதன் கிளிஞ்சலை நம்ப முடியாது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பு அதற்கு மாற்றாகும். வேலை தெரிந்தவர்கள் குறைவு. காலமும் கூலியும் கூடும். எனினும் வேலையின் வரிசை எளியது. முதலில் கூரையிலும் மழைநீர்க் குழாயிலும் உள்ள ஒழுக்கை அடைக்க வேண்டும். பின் சிமெண்ட் பூச்சைச் செங்கல் உடையாமல் பெயர்த்து, சுவரை நன்கு உலரவிட வேண்டும். அதன்பின் சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் காத்து இறுகவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் இவ்வேலைக்கு உகந்தவை அல்ல. இறுதியாகச் சுண்ணாம்பு நீரும் காவியும் போதும்.

இவ்வாறு புதுப்பித்த சுவர் மறு ஆண்டும் வெள்ளையடிக்கக் கேட்கும். ஒருமுறை பூசினால் பல ஆண்டுக்குக் கவலையில்லை என்பது பெயிண்டின் வாக்குறுதி. ஆண்டுக்கு ஒருமுறை சுவரைக் கிட்ட நின்று பார்க்கும் வழக்கமே பழைய வீடுகளை நூறாண்டுக்கு மேல் நிற்கவைத்தது.