ஐந்தாம் பிரிவின் அடிக்குறிப்பு: பெத்ராஷித்ஸ்கி மீதான ஒரு பழியின் மறுவாசிப்பு

லெனின் அரசு 1917 நவம்பரில் பிறப்பித்த நீதிமன்றம் பற்றிய முதல் ஆணை, ஜார் காலத்து நீதிமன்றங்களைக் கலைத்தது. பழைய சட்டங்களைப் புரட்சி நீக்காத வரையிலும், அவை புரட்சிகர மனச்சான்றுக்கும் புரட்சிகரச் சட்ட உணர்வுக்கும் முரணாகாத வரையிலும் பின்பற்றலாம் என்றது அதன் ஐந்தாம் பிரிவு.

இந்தச் 'சட்ட உணர்வு' பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் லெவ் பெத்ராஷித்ஸ்கியின் (1867–1931) உளவியல் கோட்பாட்டிலிருந்து வந்தது என்பது ஆய்வுலகில் வேரூன்றிவிட்ட கருத்து. சட்டத்தின் இருப்பிடம் ஏடு அன்று, மனமே என்றவர் அவர். ஆகவே ஏட்டுச் சட்டத்தைத் தூக்கியெறிய வழி திறந்தவரும் அவரே என்று அந்த வாதம் முடியும். இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. ஆணையை ஆதரித்து 1917 டிசம்பரில் போல்ஷெவிக் நாளேடான 'பிராவ்தா'வில் எழுதிய கல்வி ஆணையர் லூனச்சார்ஸ்கி, பெத்ராஷித்ஸ்கியைத் துணைக்கு அழைத்தார். பெத்ராஷித்ஸ்கியின் கோட்பாட்டைத் தழுவிய சட்ட அறிஞர் மிகயீல் ரைஸ்னரும் ஆணையின் பின்னணியில் தம் கருத்து இருந்ததாக 1925இல் எழுதினார். எட்டாண்டுக்குப் பின் ஒருவர் தம் பங்கைப் பற்றிச் சொல்வதை அளவறிந்தே ஏற்க வேண்டும்.

ஐந்தாம் பிரிவை மேற்கோள் காட்டுவோர் பலர் அதன் அடிக்குறிப்பைக் கடந்து போய்விடுகின்றனர். எந்தச் சட்டங்கள் நீங்கியவை என்பதை அந்தக் குறிப்பு வரையறுக்கிறது: சோவியத்துகளின் மத்திய செயற்குழுவின் ஆணைகளுக்கும் அரசின் ஆணைகளுக்கும் முரணானவை; சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி, சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சி ஆகியவற்றின் குறைந்தபட்ச வேலைத்திட்டங்களுக்கு முரணானவை. ஆணையும் வேலைத்திட்டமும் அச்சேறிய வாசகங்கள். உள்ளுணர்வுக்கு முழு ஆட்சி தந்ததாகச் சொல்லப்படும் பிரிவு, அதே மூச்சில் நீதிபதியின் கையில் வேறு ஏடுகளைத் திணிக்கிறது.

இனி, கோட்பாடு. பிச்சையிடுபவர் தம் கடமையை உணரலாம். வாங்குபவருக்கு அது உரிமையாகாது. கூலி அப்படியன்று. அது உழைத்தவருக்குச் சேர வேண்டிய பணம். கொடுப்பவரின் கடமையே பெறுபவரின் உரிமை. முதல் உணர்வை ஒழுக்கம் என்றும் இரண்டாவதைச் சட்டம் என்றும் பிரித்தார் பெத்ராஷித்ஸ்கி. சாத்தானுக்கு ஆன்மாவை விற்றதாக நம்புபவரின் மனத்தில்கூட இந்த இருமுகப் பிணைப்பு இருப்பதால் அதுவும் சட்டமே என்னும் அளவுக்கு அவர் போனார். ரஷ்ய மொழியில் 'பிராவோ' என்ற ஒரே சொல் சட்டத்தையும் உரிமையையும் குறிக்கும். அரசு இயற்றும் சட்டத்துக்கு 'ஜகோன்' என்ற தனிச்சொல் உண்டு. தமிழில் 'சட்ட உணர்வு' என்று பெயர்த்ததும் உரிமை உதிர்ந்துவிடுகிறது.

ஐந்தாம் பிரிவில் உணர்பவர் யார்? நீதிபதி மட்டுமே. அவர் முன் நிற்பவர் எதைத் தமக்குரியதென்று கோரலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. சொல் கடனாக வந்திருக்கலாம். கோட்பாட்டின் பாதி வரவில்லை என்றே தோன்றுகிறது.

நீதிபதிகள் நடைமுறையில் மனம்போனபடி தீர்ப்பளித்தார்களே என்பது ஒரு மறுப்பு. அது நீதிமன்றங்களின் வரலாறு. ஒரு கருத்தின் பிறப்பை அது நிறுவாது. பெத்ராஷித்ஸ்கி ஏட்டுச் சட்டத்தை வெறுத்தவர் என்பதும் நிற்காது. 1906இல் ரஷ்ய நாடாளுமன்றமான முதல் டூமாவின் உறுப்பினராகப் பெண்களின் சம உரிமைக்கு வாதாடியவர் அவர். சட்டமியற்றி மக்கள் மனத்தைப் பண்படுத்தும் 'சட்டக் கொள்கை' என்ற தனித்துறையையே வேண்டியவர்.

ஐந்தாம் பிரிவுக்குப் பின்னும் ஏட்டின் பிடி தளரவில்லை. 1918 நவம்பர் 30ஆம் நாளின் மக்கள் நீதிமன்ற விதிமுறை கவிழ்ந்த அரசுகளின் சட்டங்களைத் தீர்ப்பில் சுட்டுவதையே தடை செய்தது. அதன்படி நீதிபதிக்கு முதல் வழிகாட்டி அரசின் ஆணை. ஆணை இல்லாத இடத்திலும் நிறைவுறாத இடத்திலும்தான் சோசலிசச் சட்ட உணர்வு.