பாசியா, பாக்டீரியாவா?

நெல் வயலில் தேங்கிய நீரின்மேல் நீலங்கலந்த பச்சை நிறத்தில் வழவழப்பான ஆடை ஒன்று படர்ந்திருக்கக் காணலாம். வங்கத்து வயலாயினும் காவிரிக் கரையாயினும் காட்சி ஒன்றே. இதற்கு நீலப்பச்சைப் பாசி என்று பெயர். தாவர நூலார் நெடுங்காலம் இதனைத் தாவர உலகின் கடைப்படியில் அமர்த்தி வைத்தனர். ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளிவிடுவது தாவரத்தின் தொழில் அன்றோ?

ஆயினும், பிரெஸ்லாவ் நகரத்துப் பேராசிரியர் பெர்டினாண்ட் கோன் 1870களிலேயே இவற்றைப் பாக்டீரியாவின் உறவு எனக் கண்டார். மின்னணு நுண்பெருக்கி வந்த பின்னர் அவர் கருத்து வலுப்பெற்றது. இவற்றின் உயிரணுவில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை, பாக்டீரியாவிலும் இல்லை. 1962இல் ஸ்டேனியர், வான் நீல் என்னும் இருவரும் இவ்வேறுபாட்டையே உயிருலகின் பெரும்பிரிவினைக்கு அடிப்படை ஆக்கினர். 1978இல் ஸ்டேனியரும் அவர் தோழர்களும், இவற்றைப் பாக்டீரியாவின் பெயரிடு விதிகளுக்கே உட்படுத்த வேண்டும் என்று முன்மொழிந்தனர். தாவர நூலார் எளிதில் இணங்கினாரில்லை.

இணங்காததில் நியாயமும் உண்டு. இவ்வினங்களைத் தேடி, வரைந்து, பெயரிட்ட உழைப்பெல்லாம் அவர்களுடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்காரிடம் பயின்ற டி. வி. தேசிகாச்சாரி எழுதிய ‘சயனோபைட்டா’ என்னும் பெருநூல் 1959இல் புது தில்லியில் வெளியாயிற்று. தனியணுவா, திரளா, இழையா, கிளைத்த இழையா என உருவத்தைக் கொண்டே இனம் பிரிக்கும் முறை அது. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அம்முறையில் ஒரு பகுதி நிலைத்தது, ஒரு பகுதி குலைந்தது. தனியணுவாக வாழ்பவை ஒரு வமிசத்தைச் சேர்ந்தவை அல்ல. பல கிளைகளில் சிதறிக் கிடக்கின்றன. இழையினூடே தடித்த சுவருடைய தனி அணுக்களைப் படைப்பவையோ ஒரே வமிசம். அவ்வணுக்களின் சிறப்பைச் சற்று நோக்க வேண்டும். காற்றின் நைட்ரஜனை உரமாக்கும் நொதி, பிராணவாயு பட்டால் கெடும். தானே பிராணவாயுவை விளைவிக்கும் உயிர் என் செய்யும்? அது புகாத அறை ஒன்றைக் கட்டி, அதனுள் அந்த வேலையை நடத்துகிறது. நெல் வயலின் வளத்துக்கு இதனால் விளையும் பயனை 1939இல் பி. கே. டே எடுத்துக்காட்டினார்.

வானில் பிராணவாயு மிகத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மிகுவித்தவை இவையே. பின்னொரு காலத்தில் இவற்றுள் ஒன்று வேறோர் உயிரணுவினுள் புகுந்து தங்கிவிட்டது. இலையின் பசுங்கணிகம் அதன் வழித்தோன்றலே. 1905இல் ருஷ்ய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி இதனைக் கூறியபோது ஏற்றவர் சிலரே. பிற்காலத்து மரபணு ஆய்வு அவர் கூற்றை மெய்ப்பித்தது. வயல் நீரில் மிதக்கும் பாசி தாவரமன்று. அதனருகே நிற்கும் நெற்பயிரின் பசுமையோ அப்பாசியின் குலத்தது.