மார்கரிட்டாவும் மாரிக்குப்பம் கத்தாழையும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு நான்கு குடும்பங்கள் சாப்பிட வந்திருந்தார்கள். டல்லாஸ் வெயில் எப்படி என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரியாணிக்கு முன்னால் ஜில்லென்று ஏதாவது கொடுக்கலாமே என்று மாம்பழ மார்கரிட்டா போட உட்கார்ந்தேன். கடையில் பாட்டிலில் விற்கிற பச்சைக் கலர் மிக்ஸ் எனக்கு ஆகாது. எலுமிச்சம்பழத்தை அன்றைக்கே பிழிந்தால்தான் அது மார்கரிட்டா, இல்லையென்றால் அது சர்க்கரைத் தண்ணீர் என்பது என் கட்சி.

நான் பிழிந்துகொண்டிருந்தபோது மகள் டெக்கீலா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, லேபிள்ல இருக்கிற இது என்ன செடி?"

பார்த்தேன். கத்தி கத்தியாக மடல், நுனியில் முள். "இதுவா? எங்க ஊர்ல ரயில் லைன் ஓரமா வரிசையா நிக்குமே, கத்தாழை" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு கே.ஜி.எஃப். என்றால் சினிமாவில் வருகிற ஊர். அங்கே ராபர்ட்சன்பேட்டை என்று ஒரு கடைத்தெரு உண்டு, அதில்தான் அவள் அப்பா கோலி சோடா குடித்து வளர்ந்தான் என்பதெல்லாம் அவளுக்குப் புராணக் கதை மாதிரி.

அவளுக்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தது எங்கெங்கோ கொண்டுபோய், கடைசியில் எங்கள் ஆயா வீட்டு அடுப்படியில் கொண்டுவந்து விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மார்கரிட்டா. இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று மெக்சிகோவிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் ஆளாளுக்கு உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். எதற்கும் உறுதியான சாட்சி கிடையாது. 1937-ல் லண்டன் கஃபே ராயல் வெளியிட்ட காக்டெயில் புத்தகத்தில் டெக்கீலா, ஆரஞ்சு மது, எலுமிச்சைச் சாறு மூன்றும் சேர்ந்த பானம் 'பிக்காடோர்' என்ற பெயரில் இருக்கிறது. 1953 டிசம்பர் 'எஸ்கொயர்' இதழில் மார்கரிட்டா என்ற பெயரிலேயே வந்துவிட்டது. ஸ்பானிய மொழியில் மார்கரிட்டா என்றால் டெய்சிப் பூ. அதற்கு முன்பே அமெரிக்காவில் 'டெய்சி' என்று ஒரு வகைக் கலவை புழக்கத்தில் இருந்தது. ஆகவே யாரோ ஒரு மார்கரிட்டா என்ற பெண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது பலருடைய கருத்து.

எங்கள் டல்லாஸுக்கும் இதில் பங்கு உண்டு. 1971-ல் இங்கே உணவகம் வைத்திருந்த மாரியானோ மார்ட்டினெஸ், ஐஸ்கிரீம் மெஷின் ஒன்றை மாற்றியமைத்து, ஐஸ் நொறுங்கலாக வருகிற மார்கரிட்டாவைப் போட்டார். அந்த மெஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று நாம் மிக்ஸியில் பழத்தைப் போட்டு அடிப்பதெல்லாம் அந்த வழிதான்.

சரி, கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எலுமிச்சை ஆசியாவின் பழம். ஸ்பானியர்கள் கொண்டுபோய் மெக்சிகோவில் நட்டார்கள். அங்கே 'மெக்சிகன் லைம்' என்று விற்கிற சின்ன மஞ்சள் பழம் நம்மூர் எலுமிச்சையேதான். மெக்சிகன் கடையில் வாங்கி ஊறுகாய் போட்டவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல :-) மாம்பழம் மணிலாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்களில் அகாபுல்கோ துறைமுகத்துக்குப் போனது. மெக்சிகோவில் ஒரு ரகத்துக்கு இன்றும் 'மணிலா' என்றுதான் பெயர். கரும்பைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் தொழிலோ இந்தியாவிலிருந்து உலகத்துக்குப் போனது.

அங்கிருந்து இங்கே வந்தது கத்தாழை. நம்மூரில் ஆனைக்கத்தாழை என்பார்கள். சோற்றுக் கத்தாழை வேறு, இது வேறு. தக்காணத்தில் ரயில் பாதை ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் வேலிக்காக வைத்தார்கள். பௌரிங்பேட்டையிலிருந்து (இப்போது பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம் வரை தங்க வயலுக்கு ரயில் வந்தது 1894-ல். சின்ன வயதில் அந்த ரயிலின் ஜன்னலில் நான் பார்த்ததெல்லாம் சயனைடு மண்மேடும் கத்தாழையும்தான். அதன் பால் பட்டால் அரிக்கும். மடலில் பெயரைக் கீறி வைத்தால் வருஷக்கணக்கில் அழியாது. ஒரே ஒரு முறை மரம் போலத் தண்டு விட்டுப் பூக்கும், பிறகு செத்துவிடும்.

டெக்கீலா 'நீலக் கத்தாழை' என்ற ஒரு ரகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் மெக்சிகோவின் குறிப்பிட்ட பகுதிகளில்தான் என்று 1974 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நம்மூர்க் கத்தாழை அதற்குப் பங்காளி முறை. ஆனால் பங்காளியும் சும்மா இல்லை. டெஸ்மண்ட் நாசரெத் என்பவர் தக்காணத்துக் கத்தாழையிலிருந்து மது வடிக்கலாம் என்று இறங்கி, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் ஆலை வைத்து, 2011-ல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சித்தூர் மாவட்டம் எங்கள் கோலார் மாவட்டத்துக்கு அடுத்த வீடு. எங்கள் ரயில் பாதை வேலியை யாரோ பாட்டிலில் அடைத்துவிட்டார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

இந்தக் கலவைகளுக்கெல்லாம் ஒரு மூதாதை உண்டு. அதன் பெயர் 'பஞ்ச்'. 1632-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சரக்கு. 'பாஞ்ச்' என்றால் ஐந்து, அதனால்தான் இந்தப் பெயர் என்று 1670-களில் இந்தியாவில் சுற்றிய ஜான் ஃபிரையர் எழுதியிருக்கிறார். மொழி ஆராய்ச்சிக்காரர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. ஆனாலும் அன்று இங்கே குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். பஞ்சிலிருந்து 'சவர்', சவரிலிருந்து 'டெய்சி', அதிலிருந்து மார்கரிட்டா. நம் 'பஞ்ச'த்தின் கொள்ளுப் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாரில் தங்கம் எடுக்க வந்தது. கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாரம் சுமக்கவும் பாறை உடைக்கவும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதி மக்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே 1905-ல்தான் கரண்ட். துரைமார்களுக்குப் பங்களாவும் கிளப்பும். அந்தச் சௌகரியத்தைப் பார்த்துத்தான் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். நம் ஆட்களுக்கு மூங்கில் தட்டி வீடுகள், லைன் லைனாக.

குடியிலும் இதே கோடு. கிளப்பில் கண்ணாடி கிளாஸ். லைனில் சாராயம். சம்பள நாளன்று அந்தச் சாராயக் கடைதான் முதலில் கூலியைப் பார்க்கும், வீடு அப்புறம்தான். கடை ஏலத்தில் போகும், வரி சர்க்கார் கஜானாவுக்குப் போகும். மைசூர் சமஸ்தானம் போய், கர்நாடகம் வந்து, 2007 ஜூலையில் சாராயத்துக்குத் தடை வரும்வரை இதுதான் நடைமுறை.

ஏன் குடித்தார்கள் என்பதை மேலே நின்று பேசுவது சுலபம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எங்கள் தாத்தா எட்டு மணி நேரம் அதற்குள் இருந்துவிட்டு மேலே வருவார். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், சதை உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் என்று அப்பா சொல்வார். இந்தப் பிடிப்பு எதனால் என்று 1923-ல் இங்கிலாந்தில் நெவில் மாஸ் என்பவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்து எழுதினார். வேர்வையில் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. வெறும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்கப் பிடிப்பு அதிகமாகும். தண்ணீரில் உப்பைப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

ஆயா மாஸைப் படித்தவள் அல்ல. ஆனால் தாத்தா வரும் நேரத்துக்கு ஒரு பெரிய பித்தளைச் சொம்பு தயாராக இருக்கும். எலுமிச்சை, உப்பு, வெல்லம், தண்ணீர். மாங்காய்க் காலத்தில் சுட்ட மாங்காயைப் பிசைந்து போடுவாள். "மொதல்ல இத குடிச்சிட்டு அப்பறம் எங்க வேணா போ" என்பாள். பாதி நாள் அவர் போகமாட்டார். சம்பள நாளில் சொம்பு அப்படியே இருக்கும்.

ஆயா அப்படிப் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா பௌத்த சங்கத்துக்காரர். தங்க வயலில் பௌத்தமா என்று கேட்காதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தினார். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கக் கிளைகள் வைத்து அதைப் படித்தார்கள். அவர் காலமான பிறகு அவருடைய எழுத்துகளைப் புத்தகமாக்கிக் காப்பாற்றியதில் சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரிய பங்கு. படிப்பும் மரியாதையும் வேண்டுமானால் முதலில் சாராயக் கடையை விட்டு வெளியே வா என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது.

அங்கேயும் ஒரு ஐந்து. பஞ்சசீலம். கொல்லாதே, திருடாதே, தவறான காமம் வேண்டாம், பொய் வேண்டாம். ஐந்தாவது, மயக்கம் தருவதைத் தொடாதே. ஆயா சொல்வாள், "அஞ்சாவத விட்டா மத்த நாலும் ஒண்ணொண்ணா வூட்ட வுட்டுப் போயிடும்."

நான் அதை வெறும் சொல்லாகக் கேட்டு வளர்ந்தவன். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். என் தாய்மாமா கைக்கு ஒரு தொகை வந்தது. அதற்கு முன்பு அவர் அவ்வளவு பணத்தைச் சேர்த்துப் பார்த்ததில்லை. பி.காம். முடித்திருந்த என்னிடம்தான் எங்கே போடலாம் என்று கேட்டார். ஃபிக்ஸட் டெபாசிட், வட்டி என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கணக்கு சரிதான். ஆனால் காலையில் ஷிஃப்ட் சங்கு ஊதாத ஒரு ஊரில் ஒரு மனிதன் பகல் முழுக்க என்ன செய்வான் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்து வருஷத்தில் பணமும் போனது, மாமாவும் போனார். அத்தை அந்தக் காகிதத்தை ரொம்ப நாள் வைத்திருந்தார்கள்.

இதை எழுதிவிட்டு மார்கரிட்டா ரெசிப்பி சொல்வது நியாயமா என்று எனக்கே கேள்வி இருக்கிறது. நான் குடிக்காதவன் அல்ல. விருந்தில் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்வேன். கிளப் மெம்பருக்கு அது நாகரிகம், லைன்காரனுக்கு அது குடிப்பழக்கம் என்று உலகம் பிரித்து வைத்திருப்பதில், நான் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆயாவின் சொம்பைத்தான் முதலில் போடுவேன். நான்கு பேருக்கு, நன்றாகப் பழுத்த மாம்பழக் கூழ் இரண்டு கப், அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு அரை கப், ஆரஞ்சுச் சாறு அரை கப், ஐஸ் மூன்று கப். பழம் புளித்தால் மட்டும் கொஞ்சம் சர்க்கரை. மிக்ஸியில் ஒரே அடி. கிளாஸ் விளிம்பில் எலுமிச்சை மூடியைத் தடவி, உப்பும் மிளகாய்த் தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுங்கள். பாதி விளிம்புக்கு மட்டும் போதும், உப்பு வேண்டாதவர் மறுபக்கம் குடிக்கலாம். பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றவர்களுக்கு நான் மேலே எதுவும் சொல்ல வேண்டாம். கொய்யா, தர்பூசணி, அன்னாசி எல்லாவற்றுக்கும் இதே அளவுதான், எலுமிச்சையை மட்டும் நாக்கைக் கேட்டுக் கூட்டிக் குறையுங்கள்.

டெக்கீலா இதில் சேராது. அது தனியாக, அளவு கிண்ணத்தோடு, ஓரமாக ஒரு மேஜையில் இருக்கும். வேண்டியவர் தன் கிளாஸில் 45 மில்லி ஊற்றிக்கொள்ளலாம். வேண்டாதவர் "எனக்கு வேண்டாம்" என்று நாலு பேர் எதிரே காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. குழந்தைகள், கர்ப்பிணி, மாத்திரை சாப்பிடுகிறவர், விட்டுவிட்டு மூன்று மாதம் ஆனவர் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கிளாஸ். யார் கிளாஸில் நான்கு, யார் கிளாஸில் ஐந்து என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் போன பிறகு பாத்திரம் ஒழிக்கும்போது பார்த்தேன். ஜக்கு காலி. பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

மகள் லேபிளை உரித்து எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். கீழே அவள் கையெழுத்தில், கோணல் தமிழில், "மாரிக்குப்பம்" என்று எழுதியிருக்கிறது. அடுத்த லீவுக்கு அந்த ரயிலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

உங்கள் வீட்டுச் சொம்பில் என்ன இருந்தது? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.