காவலூர் நிறமாலையியல்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்துக்கு அப்பால், ஜவ்வாது மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இங்கு இருக்கிறது. நடத்துவது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் உள்நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்தன. காவலூர் என்றால் பலருக்கும் 1977இல் கண்ட யுரேனஸ் வளையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் விண்மீன் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்துப் படிக்கும் வேலைக்கும் அதே மதிப்பு உண்டு. வானாய்வகத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்த வானியலர் வைணு பாப்புவே நிறமாலையியலர். கால்சியம் கோட்டின் அகலத்திலிருந்து விண்மீனின் உண்மை ஒளிர்வை அறியும் வில்சன்-பாப்பு விளைவு (1957) அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஒளி இழை வழியாக எஷல் நிறமாலைமானிக்குப் போகிறது. அதன் பகுதிறன் 72,000 வரை எட்டும். அதாவது 500 நானோமீட்டரில் 0.007 நானோமீட்டர் வேறுபாடும் தெரியும். அருமண் தனிமங்களைத் தேட இந்த நுட்பம் வேண்டும். அவற்றில் ஒன்றான யூரோப்பியத்தின் 413 நானோமீட்டர்க் கோடு பிற தனிமக் கோடுகளின் நெரிசலுக்குள் கிடக்கிறது.

இத்தகைய கோடுகளைத் தருபவை எலக்ட்ரான் இழந்த அணுக்களான அயனிகள். அயனியின் நடத்தை அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. முதலில் படிகத்துக்குள் பார்ப்போம். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகம் கார்னெட் வகைப் படிகம். அதன் தேன் நிறத்துக்கு இரும்பு, மாங்கனீசு அயனிகள் காரணம். இவற்றின் 3டி எலக்ட்ரான்கள் வெளிப்புறத்தில் இருப்பதால் அக்கம்பக்கத்து ஆக்சிஜனின் தாக்கம் நேரே படுகிறது. உறிஞ்சல் அகன்ற பட்டையாகிறது. அருமண் தனிமமான நியோடிமியத்தின் 4எஃப் எலக்ட்ரான்களோ உள்ளே ஒதுங்கியவை; வெளி எலக்ட்ரான்கள் அவற்றுக்குப் போர்வை. அதனால் இட்ரியம் அலுமினியம் கார்னெட்டில் (யாக்) புகுத்தினாலும் கோடுகள் கூர்மை இழப்பதில்லை. 1964இல் உருவான 1064 நானோமீட்டர் லேசருக்கு இதுவே அடிப்படை. கண்புரை அறுவைக்குப் பின் பார்வை மங்கினால் மருத்துவர் சொல்லும் ‘யாக் லேசர்’ இதுதான்.

விண்மீனில் காண்பவை இதே கோடுகள் அல்ல. அங்கே அயனி வாயுவில் தனித்து நிற்கிறது. வெளிப்புற 6எஸ், 6பி நிலைகளுக்கு இடையிலான தாவல்களே யூரோப்பியத்தின் 413 நானோமீட்டர்க் கோடு போன்ற வலுவான கோடுகளைத் தருகின்றன.

படிகத்துக்குள்ளேயே, மற்றோர் அருமண் தனிமமான சீரியத்துக்கு வரும்போது கதை மாறுகிறது. அதன் ஒளி, போர்வையில்லாத 5டி நிலையிலிருந்து வருவது. வெள்ளை எல்இடி விளக்கில் நீலச் சில்லின் மேல் பூசிய சீரியம் கலந்த கார்னெட், 500 முதல் 700 நானோமீட்டர் வரை மஞ்சள் ஒளியைப் பரப்புகிறது. இந்த விளக்கு தெருவுக்கு வரும்போது வானாய்வகத்துக்குத் தொல்லை. சோடியம் தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதி மஞ்சளைச் சுற்றியே அடங்கும். எல்இடி அப்படியல்ல, வடிகட்டி வைத்து விலக்க இயலாது. மங்கலான விண்மீனின் நிறமாலையில் தெருவிளக்கின் கார்னெட்டும் சேர்ந்து பதிவாகும். மலையடிவாரத்தில் விளக்குக் கம்பம் நடுவோர் மேலே மூடி போட்டு, ஒளியைத் தரைக்குத் திருப்பினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.