மணிக்கூண்டின் கீழே கிடந்த பெருங்குழல்

விழாவை முன்னிட்டு மணிக்கூண்டின் அடியிலுள்ள அறையை ஒழுங்கு செய்தபோது, பழைய சப்பரக் கால்களுக்கிடையே அந்தப் பித்தளை வாத்தியம் அகப்பட்டது. “சுருதி சேராத வாத்தியம், ஆர்மோனியத்தோடு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை” என்றனர் பெரியவர்கள். எடைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு வியாபாரி தராசோடு வந்துவிட்டார். அவரை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னோம்.

இதன் முன்னோர் திருச்சபையின் வீட்டிலேயே வளர்ந்தவர்கள். 1590-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு ஓசேர் நகரில் எட்மே கியோம் என்னும் குருவானவர், பாடகரின் குரலுக்குத் துணையாகப் பாம்புபோல் வளைந்த மரக்குழலொன்றை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி. தோல் போர்த்திய அந்தச் ‘செர்ப்பன்ட்’ இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிரெஞ்சுக் கோவில்களில் முழங்கிற்று. 1835 செப்டம்பர் 12-ஆம் நாள் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் இருவரும் ஐந்து விசைகள் கொண்ட டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றனர். 1903-இல் புனித செசிலியம்மாள் திருநாளன்று, பத்தாம் பத்திநாதர் பேண்டு வாத்தியத்தைக் கோவிலுக்குள் தடைசெய்து, வெளியே பவனிகளுக்கு மட்டும் இடமளித்தார். நம் பெருங்குழல் தேருக்கு முன்னே மட்டும் நடந்ததன் காரணம் இதுவே.

இனி நம் வாத்தியம். திருநாள்தோறும் புளி போட்டுத் தேய்த்த பக்தியினால் வாய்ப்புறத்து எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. (தயவுசெய்து இனி யாரும் தேய்க்க வேண்டாம்!) சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் படித்தபோது ‘பூஸி அண்டு கம்பெனி, 295, ரீஜென்ட் தெரு, லண்டன்’ என்று தெரிந்தது. இக்கம்பெனி 1930-இல் ஹாக்ஸ் கம்பெனியுடன் இணைந்து பூஸி அண்டு ஹாக்ஸ் ஆயிற்று. ஆகவே தனிப்பெயர் தாங்கிய இது அதற்கு முற்பட்டதென்று கொண்டோம். பிஸ்டன்களின் பின்புறம் சிறு வளைகுழாய்கள் கூடுதலாக இருந்தன. யாரோ ஒட்டுப்போட்ட வேலை என்று முதலில் நினைத்தோம். அது 1874-இல் அக்கம்பெனியின் பிளேக்லி கண்ட ஏற்பாடு: மூன்றாம் பிஸ்டனோடு மற்றவற்றையும் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறிவிடும், அக்குறையை இக்குழாய்கள் நிரப்புகின்றன.

பிஸ்டனை அழுத்தாமல் அதன் இழுகுழாயை உருவி, பிறகு அழுத்திப் பார்த்தோம். முதலும் மூன்றும் ‘டப்’ என்று ஒலித்தன, காற்று கசியவில்லை. இரண்டாவது மௌனம். நெளிவுகள் பல இருந்தும் அவற்றை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை, தட்டி எடுத்துவிடலாம். தேய்ந்த பிஸ்டனும், துத்தநாகம் அரித்துச் செம்புள்ளி விழுந்த குழாயுமே செலவு வைப்பவை. நல்ல வேளை, செம்புள்ளி இல்லை.

அப்படியானால் சுருதி ஏன் சேரவில்லை? பிரிட்டிஷ் பேண்டுகள் 1960-கள் வரை உயர் சுருதியில் வாசித்தன. அவர்களுடைய ‘ஏ’ ஸ்வரம் 452 அதிர்வுக்கும் மேல், ஆர்மோனியத்தினது 440. இவ்வாத்தியம் அந்த உயர் சுருதிக்குச் செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாகக் குற்றமற்றதைக் குற்றஞ்சாட்டி வந்திருக்கிறோம்! பதின்மூன்று அடிக் குழலுக்கு ஏறத்தாழ நாலரை அங்குலம் கூட வேண்டும். பெரிய இழுகுழாய்க்கு இரு கால்கள் இருப்பதால் இரண்டேகால் அங்குலம் வெளியே இழுத்தால் போதும்.

இழுத்தோம். கோவில்பிள்ளை ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்திப் பிடித்தார். பெருங்குழல் அதனுடன் சேர்ந்தது.

வியாபாரி தராசைச் சுருட்டிக்கொண்டு போனார். இரண்டாம் பிஸ்டனைப் பழுதுபார்க்க ஆகும் செலவுக்கு உண்டியல் வைத்திருக்கிறோம்.