விழுந்தாரா, எழ முடியாமல் கிடக்கிறாரா?: ஸ்மார்ட் வாட்ச்சின் பொய் எச்சரிக்கைகள் குறித்து

முதியவர் ஒருவர் விழுந்தால் தானே உதவிக்கு அழைக்கும் கருவி, விழாதபோது எத்தனை முறை அழைக்கிறது? இதற்கு விடை தேடுபவர் முதலில் படிக்க வேண்டியது, பகாலாவும் உடனாய்வாளர்களும் 2012இல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையை. முடுக்கமானியின் அளவுகளைக் கொண்டு விழுதலைக் கண்டறியும் 13 கணிப்பு முறைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். எல்லாம் முன்பே அச்சில் வந்தவை. ஆய்வகச் சோதனைகளில் நல்ல பெயர் வாங்கியவை. நோயாளிகள் சிலர் அன்றாட வாழ்வில் உண்மையாகவே விழுந்தபோது பதிவான 29 நிகழ்வுகளை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாக நூற்றுக்கு 57 நிகழ்வுகளே பிடிபட்டன. அடிக்கடி விழும் மூவரை ஒரு நாள் முழுதும் கண்காணித்தபோது எழுந்த பொய் எச்சரிக்கைகளோ, முறைக்கு முறை மாறி, 3 முதல் 85 வரை இருந்தன.

அதற்குப் பின் கருவிகள் வெகுவாக மேம்பட்டுள்ளன. 2018 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் நான்காம் வரிசைக் கடிகாரத்தில் இந்த வசதியைச் சேர்த்தது. சாம்சங், கூகுள் முதலிய நிறுவனங்களின் கடிகாரங்களிலும் இன்று இது உண்டு. நார்வேயில் ஒரு முதியவர் இரவில் குளியலறையில் விழுந்து நினைவிழந்து கிடந்தபோது அவர் கடிகாரமே அவசர உதவியை வரவழைத்த செய்தி 2019இல் வெளிவந்தது. இவ்வசதி உயிர் காக்கக்கூடியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பொய் எச்சரிக்கையை வெறும் பொறியியல் குறையாகவும், அடுத்த மென்பொருள் பதிப்பில் சரியாகிவிடும் ஒன்றாகவும் பேசிக்கொண்டிருப்பதை ஏற்க இயலவில்லை. கருவியிடம் நாம் கேட்டுவைத்திருக்கும் கேள்வியே தவறானது. 'இவர் விழுந்தாரா' என்று அது தேடுகிறது. மருத்துவம் அறிய விரும்புவது 'இவர் எழ முடியாமல் கிடக்கிறாரா' என்பதை.

கருவி இயங்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். விழும் உடல் கணநேரம் எடையற்றதுபோல் ஆகிறது. அப்போது முடுக்கமானி காட்டும் அளவு 1 ஜிக்குக் (புவியீர்ப்பு முடுக்கத்துக்குக்) கீழே இறங்கும். தரையில் மோதும்போது அது சட்டென உயர்ந்து முனைகொள்ளும். உடலின் கோணம் மாறியதைச் சுழல்மானி சொல்லும். இந்த வரிசையைத்தான் கணிப்பு முறை தேடுகிறது. ஆய்வாளர்கள் பலர் உணரியை இடுப்பிலோ கீழ்முதுகிலோ பொருத்தியதற்குக் காரணம், உடலின் எடைமையம் அங்கே இருப்பது. கடிகாரமோ மணிக்கட்டில் இருக்கிறது. உடம்பு அசையாமல் இருக்கும்போதே கை வீசும், அடிக்கும், தட்டும், மேசையில் மோதும். நேர்மாறாக, முதியவர் பலர் விழுவது அப்படி அறைந்தாற்போல் அன்று. சுவரைப் பற்றியபடி சரிவார்கள். கட்டில் விளிம்பிலிருந்து வழுக்கி உட்காருவார்கள். முழங்கால் மடிந்து மெல்லக் குலைவார்கள். மோதலின் முனை அங்கே தாழ்ந்தே இருக்கும். ஆக, துள்ளித் திரியும் இளைஞரிடம் கருவி தேவையின்றிக் கூவுகிறது. தளர்ந்த முதியவரிடம் வாய்மூடி இருந்துவிடுகிறது. பிழை, தேவைக்கு நேர் எதிர்த்திசையில் பரவிக்கிடக்கிறது.

பயிற்சித் தரவுகள் இக்கோணலை மிகைப்படுத்துகின்றன. எண்பது வயதுப் பாட்டியை ஆய்வுக்காக விழச் சொல்ல எந்த அறநெறிக் குழுவும் இசையாது; இசையவும் கூடாது. எனவே இளம் தன்னார்வலர்கள் மெத்தைமேல் விழுகிறார்கள். கொலம்பியாவின் அந்தியோக்கியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட 'சிஸ்ஃபால்' என்னும் தரவுத் தொகுப்பு உலகெங்கும் பயன்படுகிறது. அதில் இளையோர் 23 பேர் பதினைந்து வகையாக விழுந்து காட்டினர். மூத்தோர் 15 பேரில் விழுந்து காட்டியவர் ஒருவர் மட்டுமே. அவருக்கு வயது 60, அவர் ஜூடோ வல்லுநர். தொகுப்பை உருவாக்கியவர்கள் இதை மறைக்கவில்லை. அவர்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் விழத் தெரிந்தவரின் விழுதலிலிருந்து, விழ அஞ்சுபவரின் விழுதலைக் கற்க முடியாது.

அடுத்தது கணக்கு. மெய்யான விழுதலைப் பிடிக்கும் உணர்திறன், விழாததை விழாதது என்றே அறியும் தனித்தறிதிறன் என்னும் இரு விழுக்காடுகளால் கருவியை மதிப்பிடுவது வழக்கம். தனித்தறிதிறன் 99 விழுக்காடு என்றால் வாசகர் மகிழ்கிறார். எத்தனை அசைவுகளுக்கு 99 விழுக்காடு என்பதுதான் இங்கே மறைந்து நிற்கும் கேள்வி. ஒருவர் ஒரு நாளில் செய்யும் அசைவுகள் ஆயிரக்கணக்கானவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 65 வயதைக் கடந்தோரில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுதோறும் விழுகின்றனர். தாராளமாக, ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை விழுவதாகவே வைத்துக்கொள்வோம். அவர் கட்டியிருக்கும் கருவி ஒரு விழுதலையும் தவறவிடாதது என்றும், பத்து நாளைக்கு ஒரே ஒரு முறைதான் பொய்யாக எழுப்பும் என்றும் கொள்வோம். அப்படிப்பட்ட கருவியும் ஒரு மெய்க்கு 36 பொய் என்ற விகிதத்தில்தான் பேசும். உதவி தேவைப்படும் அளவுக்கு ஐம்பது ஆண்டில் ஒரு முறை விழும் இளைஞர் கையில் அதையே கட்டினால், ஒரு மெய்க்கு 1,800க்கும் மேற்பட்ட பொய். கருவி மாறவில்லை, கட்டியவர் மாறினார். பொய் எச்சரிக்கையின் பளு பெரும்பாலும் தீர்மானமாவது, அவ்வசதியை யாருக்கெல்லாம் கேளாமலே இயக்கிவைக்கிறோம் என்பதில். ஆப்பிள் கடிகாரத்தில் இது முதலில் 65 வயது நிரம்பியோருக்கும், பின்னர் 55 வயது நிரம்பியோருக்கும் தானாக இயங்குமாறு வைக்கப்பட்டது. பத்து வயதைக் குறைத்தது மருத்துவ முடிவா, வணிக முடிவா? முடிவெடுத்தது நிறுவனம். விளைவைத் தாங்குவது அவசர அழைப்பு மையம்.

விழுதலைவிட விழுந்து கிடத்தல் கொடியது என்பதற்குப் பழைய சான்றுகளே போதும். 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வைல்ட், நாயக், ஐசக்ஸ் ஆகியோர் எழுதிய ஆய்வின்படி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தனர், விழுந்ததில் நேரடிக் காயம் இல்லாவிட்டாலும்கூட. 2008இல் அதே இதழில் ஃபிளெமிங்கும் பிரெய்னும் கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறைக் கடந்த 110 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து எழுதினர். அவர்களில் 66 பேர் அந்த ஆண்டில் விழுந்தனர். அந்த 66 பேரில் 53 பேரால் ஒரு முறையேனும் தாமாக எழ முடியவில்லை. 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தனர். பலரிடம் உதவி கோரும் பொத்தான் இருந்தது. நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை. பிறரைத் தொந்தரவு செய்ய மனமில்லை, தாமே எழுந்துவிட வேண்டும் என்ற வீம்பு, பொத்தான் கைக்கெட்டவில்லை என்று காரணங்கள் பல. கையால் அழுத்தும் பொத்தானின் இடத்துக்குத் தானியங்கிக் கருவி வர வேண்டியதன் வலுவான நியாயம் இதுவே. பொய் எச்சரிக்கையைப் பொருட்படுத்தியாக வேண்டியதன் நியாயமும் இங்கேயே உள்ளது. பிறரைத் தொந்தரவு செய்ய அஞ்சிப் பொத்தானை அழுத்தாத அதே மனிதர், காவலர் இரண்டு முறை வீணாக வாசலில் வந்து நின்றால் கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். அவர் உண்மையில் விழும் நாளில் கருவி கையில் இராது.

நல்ல வடிவமைப்பின் விதை ஆப்பிள் கடிகாரத்திலேயே இருக்கிறது. பலத்த விழுதலை உணர்ந்தவுடன் அது மணிக்கட்டைத் தட்டி ஒலியெழுப்பும்; யாரையும் அழைப்பதில்லை. கட்டியவர் சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால்தான் நொடிகளை எண்ணத் தொடங்குகிறது. அதற்கும் மறுமொழி இல்லையெனில் அழைக்கிறது. அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு, 'விழுந்தாரா' என்ற கேள்வியை 'எழ முடியவில்லையா' என்பதன் அருகே கொண்டு செல்கிறது.

அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. அந்தச் செப்டம்பரில் அதே நிறுவனம் ஐபோன் 14இலும் எட்டாம் வரிசைக் கடிகாரத்திலும் வாகன விபத்தை அறியும் வசதியைக் கொண்டுவந்தது. 256 ஜி வரை அளக்கும் முடுக்கமானி. ஒலி, காற்றழுத்தம், வேகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கணிப்பு. வாகன விபத்தில் நொடிகள் முக்கியம் என்பதால் நீண்ட காத்திருப்பு இல்லை. வயது வரம்பும் இல்லை; வாங்கிய எல்லாருக்கும் தானாக இயங்கியது. ஒஹாயோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் ரோலர் கோஸ்டரில் சென்றவர்களின் போன்கள் அவசர எண்ணை அழைத்தன. கொலராடோவின் சம்மிட் மாவட்டம் பனிச்சறுக்கு மையங்கள் நிறைந்தது. அந்த டிசம்பரின் ஒரு வார இறுதியில் மட்டும் அங்குள்ள அழைப்பு மையத்துக்கு 71 தானியங்கி விபத்து அழைப்புகள் வந்தன. ஒன்றிலும் விபத்து இல்லை. அடுத்த மாதம் 13 முதல் 22ஆம் தேதி வரை 185. சறுக்கி விழுந்தவர் பனியைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார். தடித்த உடைக்குள் இருக்கும் போனின் எச்சரிக்கை அவருக்குக் கேட்பதில்லை. மைய ஊழியரோ ஒவ்வொரு அழைப்பையும் எடுத்து, திருப்பி அழைத்து, விடை வராவிட்டால் ஆளனுப்ப வேண்டும். 2022 நவம்பரிலும் 2023 பிப்ரவரியிலும் வந்த மென்பொருள் பதிப்புகளில் இக்கணிப்பைச் செம்மைப்படுத்தியதாக நிறுவனம் குறிப்பிட்டது. அந்தச் செம்மைக்கான சோதனைக்களமாக, கேளாமலும் ஊதியம் இல்லாமலும், ஒரு மலை மாவட்டத்தின் அவசர சேவை பயன்பட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

ஓர் உயிர் பிழைக்குமானால் நூறு பொய் அழைப்புகளும் தாழ்வில்லை என்பார்கள். நல்லெண்ணத்தில் பிறக்கும் வாதம்தான். மருத்துவமனைகள் இதற்கு ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டன. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013 ஏப்ரலில் வெளியிட்ட எச்சரிக்கையில், நோயாளியின் படுக்கையருகே ஒலிக்கும் எச்சரிக்கைகளில் 85 முதல் 99 விழுக்காடு எந்த மருத்துவச் செயலும் தேவைப்படாதவை என்ற மதிப்பீட்டைச் சுட்டியது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தன்னிடம் வந்த, எச்சரிக்கை ஒலிகள் தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 இறப்பில் முடிந்தன என்றும் சொன்னது. செவிலியர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். ஓயாது கூவும் ஒலிக்குக் காது மரத்துப்போவது மனித இயல்பு. 'நூறு பொய்' என்னும்போது அவற்றைக் கேட்கப்போகும் காதுகளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இக்கருவிகள் பெரும்பாலும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகளின் அன்பளிப்பாக வருகின்றன. இங்கே அன்றாட வாழ்வின் பெரும்பகுதி தரையோடு நடக்கிறது. சம்மணமிட்டு அமர்வதும், கையூன்றி எழுவதும், துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதும், கோயிலில் தேங்காய் உடைப்பதும் மணிக்கட்டுக்கு என்ன சொல்லும்? நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கி, கண்மூடிச் சற்று நேரம் அப்படியே கிடக்கும் பக்தரின் உடலசைவு, கருவி தேடும் வரிசைக்கு வெகு அருகில் நிற்பது. இவையெல்லாம் சோதனையில் சேர்ந்துள்ளனவா என்பதை விற்பவர்தான் சொல்ல வேண்டும். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

இதிலிருந்து கிடைக்கும் முடிவுகள் மூன்று. அவற்றில் முதலாவதை மிக வலியுறுத்துகிறேன். அழைப்பு போகும் இடம் மாற வேண்டும். தளர்ந்த முதியவர் நிமிடக்கணக்கில் எழாமல் கிடந்தால் முதல் ஒலி மகனுக்கோ மகளுக்கோ, அதைவிட நன்றாக, சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கோ போகலாம். அவர்கள் எடுக்காவிட்டால் பொது அவசர எண்ணுக்குப் போகட்டும். பொத்தான் அழுத்தும் பழைய சேவைகளில் நடுவே ஒரு மனிதர் இருந்தார். விசாரித்த பிறகே ஆம்புலன்ஸை அழைத்தார். கடிகாரங்கள் நீக்கிய அந்த மனிதர் திரும்ப வர வேண்டும். இரண்டாவது, கேளாமல் இயக்கிவைக்கும் வயதெல்லையை நிறுவனம் தனியே தீர்மானிக்கக் கூடாது. அழைப்பை ஏற்கும் பொதுத்துறைக்கும் அதில் குரல் வேண்டும். மூன்றாவது அளவுகோல். கட்டியிருந்த நாட்களில் ஆயிரத்துக்கு எத்தனை பொய் அழைப்பு, எழ முடியாமல் கிடந்தவர்களில் எத்தனை பேர் தவறவிடப்பட்டனர் என்ற இரு எண்களையும் வயதுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அவற்றில் பொய் அழைப்பின் எண் நிறுவனங்களிடமே சேர்கிறது. அழைப்பைத் தொடங்குவது அவர்களின் கருவி, அதை ரத்து செய்யும் விரல்தொடுகை பதிவாவதும் அவர்களின் மென்பொருளில். அவ்விரு எண்களையும் வெளியிடாத கருவி அவசர எண்ணைத் தானாக அழைக்கும் உரிமையோடு விற்பனைக்கு வருவதை அரசுகள் அனுமதிக்கக் கூடாது.