கலர் ஆக்குமா குளூட்டாதயோன்? வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே போனால் அடிக்கடி கண்ணில் படும் பெயர், குளூட்டாதயோன். "நாலே வாரத்துல ஸ்கின் பளிச்னு ஆகிடும்" என்று மாத்திரை, தண்ணீரில் கரைக்கும் வில்லை, ஊசி என எல்லா வடிவத்திலும் விற்கிறார்கள். உண்மையில் இது என்ன, யாருக்குத் தேவை?

நம்ம உடம்பிலேயே இருக்கு

குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்ததுதான் குளூட்டாதயோன். கிட்டத்தட்ட எல்லா செல்களிலும் இருக்கும் இந்த ஆன்டி ஆக்ஸிடன்ட், கல்லீரலில் அதிகம். செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குவதும், நச்சுகளை வெளியேற்றுவதும் இதன் வேலை.

பாராசிட்டமாலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் கல்லீரல் கெடுவது ஏன் தெரியுமா? அந்த மருந்து உடையும்போது உருவாகும் நச்சைச் சமாளித்தே குளூட்டாதயோன் தீர்ந்துபோவதுதான் காரணம். அப்போது மருத்துவமனையில் கொடுப்பது என்-அசிடைல் சிஸ்டீன். உடம்பு மறுபடியும் குளூட்டாதயோன் தயாரிக்க அது உதவுகிறது.

அப்போ கலர் ஆகுமா?

சருமத்துக்கு நிறம் தருவது மெலனின். அதை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற என்சைமின் வேகத்தை குளூட்டாதயோன் குறைக்கும். தாய்லாந்தில் 60 மருத்துவ மாணவர்களை வைத்து 4 வாரம் நடந்த ஓர் ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குச் சில இடங்களில் மெலனின் அளவு கொஞ்சம் குறைந்தது. ஆனால், சில வாரங்கள் மட்டுமே நடக்கும் இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளை வைத்து, மாதக்கணக்கில் சாப்பிடுவது பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. தவிர, வாய்வழியாகச் சாப்பிடுவதில் பெரும்பகுதி செரிமானத்திலேயே உடைந்துவிடும்.

ஊசி வேண்டவே வேண்டாம்

"மாத்திரை சரியா சேராதுன்னா ஊசி போட்டுக்கலாமே?" அங்கதான் ஆபத்து. பிலிப்பைன்ஸில் இந்த ஊசிக்குக் கிடைத்த அனுமதி, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்குத் துணை மருந்தாகத் தருவதற்கு. அதைச் சருமத்தை வெளுக்கச் செய்யப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்தது. கல்லீரல், சிறுநீரக, நரம்பு மண்டலப் பாதிப்புகளோடு, தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் பாதிப்பும் அந்த எச்சரிக்கையில் உண்டு. அமெரிக்காவிலும் சருமத்தை வெளுக்கச் செய்யும் எந்த ஊசிக்கும் அனுமதி கிடையாது. பியூட்டி பார்லரில் ட்ரிப்ஸ் ஏற்றினால், சுத்தமில்லாத ஊசியால் நோய்த்தொற்றும் வரலாம்.

யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

* கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள் தவிர்ப்பது நல்லது.
* ஆஸ்துமா இருப்பவர்கள் இதை மூச்சு வழியாக எடுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கலாம்.
* கீமோதெரபி எடுப்பவர்கள், கல்லீரல், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தட்டிலேயே வழி இருக்கு

குளூட்டாதயோன் தயாரிக்க உடம்புக்குப் புரதமும் கந்தகச் சத்தும் தேவை. முட்டை, மீன், பருப்பு, பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போதும். கூடவே, வைட்டமின் சி தரும் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கோங்க. நல்ல தூக்கமும் உடற்பயிற்சியும் முக்கியம். புகையும் மதுவும் உடம்பில் இருக்கிற குளூட்டாதயோனைக் கரைத்துவிடும்.

முகத்தில் திடீரென்று கரும்புள்ளியோ திட்டோ வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி மாநிறமோ கறுப்போ, அது நோய் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காப்பதே அந்த மெலனின்தான். அதை விரட்ட மாசாமாசம் ஆயிரக்கணக்கில் செலவு பண்ணணுமா? யோசிங்க!